மேலெழும்புகையில் கட்டுப்பாட்டு இழப்பு (சிறு வானூர்திகள்)

மேலெழும்புகையில் கட்டுப்பாட்டு இழப்பு என்பது, ஒரு வானூர்தி ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது முதல் பாதுகாப்பான உயரத்தை அடையும் வரையுள்ள காலப்பகுதியில், விமானியின் இயக்கத்துக்குக் கட்டுப்படாத நிலையை அடைவதைக் குறிக்கும். ஒன்று அல்லது இரண்டு பொறிகளைக் கொண்ட தனியார் சிறு வானூர்திகளில் உயிரிழப்பை ஏற்படுத்தும் விபத்து வகைகளுள் இது முதன்மையான ஒன்றாகும். பன்னாட்டு விபத்து வகைப்பாட்டில் கட்டுப்பாட்டு இழப்பு, தரையில் நிகழ்வது, பறக்கையில் நிகழ்வது என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. மேலெழும்புதல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால் இரு வகை விபத்துகளும் இதில் நிகழக்கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிட்ட தரவுகளின்படி, 2001 முதல் 2011 வரையான காலத்தில் அந்நாட்டில் பொதுப் பறப்பியல் துறையில் நிகழ்ந்த, உயிரிழப்புடன் கூடிய நிலைத்த இறக்கை வானூர்தி விபத்துகளுள் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை கட்டுப்பாட்டு இழப்பினால் ஏற்பட்டவை. இவை பறப்பின் எல்லாக் கட்டங்களையும் உள்ளடக்கியவை. எனினும் மேலெழும்பும் கட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உயரத்தில் பறக்கும் வானூர்தி கட்டுப்பாட்டை இழந்தால் அதை மீட்பதற்கு உயரம் கைவசம் இருக்கும். மேலெழும்பும் வானூர்தியிடம் உயரமும் இல்லை, மிகுதியான வேகமும் இல்லை. ஆகவே இவ்வகை விபத்துகளில் மீட்பைவிடத் தடுப்பே இன்றியமையாதது. அத்தடுப்பின் பெரும்பகுதி, சக்கரங்கள் உருளத் தொடங்குமுன் தரையில் செய்யப்படவேண்டியது.

தூக்கிழப்பும் சுழல்வீழ்ச்சியும்

வானூர்தியின் இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் தாக்குகோணம் எனப்படும். இக்கோணம் கூடக்கூட இறக்கை உருவாக்கும் தூக்குவிசையும் கூடும். ஆனால், ஒரு வரம்பைத் தாண்டியதும் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்றோட்டம் அதிலிருந்து பிரிந்துவிடும். தூக்குவிசை திடீரெனக் குறையும். இந்நிலையே தூக்கிழப்பு ஆகும். விமானிகள் இதை ஸ்டால் என்பர். பெரும்பாலான சிறு வானூர்திகளில் இவ்வரம்பு ஏறத்தாழ 15 முதல் 18 பாகை வரை இருக்கும். பொறி நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பொறி முழு ஆற்றலுடன் இயங்கும்போதும் இறக்கை தூக்கிழப்பு அடையலாம்.

தூக்கிழப்பு ஏற்படும்போது வானூர்தியின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால், இரு இறக்கைகளும் ஒரே நேரத்தில் தூக்குவிசையை இழப்பதில்லை. முதலில் இழந்த இறக்கை கீழே விழ, வானூர்தி அப்பக்கமாகச் சுழன்றபடி விழத் தொடங்கும். இது சுழல்வீழ்ச்சி எனப்படும். இதிலிருந்து மீளப் பல நூறு அடி உயரம் தேவை. மேலெழும்பிய சில நொடிகளில் அவ்வளவு உயரம் இருப்பதில்லை.

இங்கு மனித இயல்பே விமானிக்கு எதிராகச் செயற்படுகின்றது. தரை நெருங்கி வருவதைக் காணும் விமானி, மூக்கை உயர்த்தும் நோக்கில் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்னை நோக்கி இழுக்க முயல்வார். இது தாக்குகோணத்தை மேலும் கூட்டித் தூக்கிழப்பை ஆழமாக்கும். அதேபோல், ஓர் இறக்கை தாழும்போது அதை நிமிர்த்த ஏலரான் எனப்படும் இறக்கையோரத் தகட்டைப் பயன்படுத்தினால், தாழ்ந்த இறக்கையின் தகடு கீழ்நோக்கி இறங்கி அவ்விறக்கையின் தாக்குகோணத்தைக் கூட்டிவிடும். சரியான செயல் இரண்டுக்கும் மாறானது. தண்டை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். பக்கத் திருப்பத்தைச் சுக்கானால் நிறுத்த வேண்டும். தரைக்கு அருகில் இதைச் செய்வதற்குப் பழக்கம் தேவை.

சாய்வும் தூக்கிழப்பு வேகமும்

உயரத்தை இழக்காமல் திரும்பும் வானூர்தியின் இறக்கைகள் அதன் எடையைவிடக் கூடுதலான சுமையைத் தாங்கவேண்டும். இதனால் தூக்கிழப்பு ஏற்படும் வேகமும் உயரும். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் உருவாக்கப்பட்ட வானூர்தியான செஸ்னா 172 இன் 172எஸ் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஃப்ளாப் தகடுகள் உள்ளிழுக்கப்பட்ட நிலையில் இதன் தூக்கிழப்பு வேகம் வேகமானியில் 48 நாட் ஆகும். சாய்வுக்கேற்ப இது பின்வருமாறு ஏறத்தாழ மாறும்.

- 30 பாகைச் சாய்வு: சுமை 1.15 மடங்கு, தூக்கிழப்பு வேகம் 7 விழுக்காடு கூடி 51 நாட்
- 45 பாகைச் சாய்வு: சுமை 1.41 மடங்கு, தூக்கிழப்பு வேகம் 19 விழுக்காடு கூடி 57 நாட்
- 60 பாகைச் சாய்வு: சுமை 2 மடங்கு, தூக்கிழப்பு வேகம் 41 விழுக்காடு கூடி 68 நாட்

இதே வானூர்தி வழக்கமாக 55 நாட் வேகத்தில் மூக்கை உயர்த்தி, கடல்மட்டத்தில் 74 நாட் வேகத்தில் மேலேறும். எனவே, மேலேறும்போது செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும் விமானிக்குப் பாதுகாப்பு இடைவெளி சில நாட்டுகளாகச் சுருங்கிவிடும்.

இடப்புறம் இழுக்கும் விசைகள்

ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பெரும்பாலான ஒற்றைப்பொறி வானூர்திகளில், புரொப்பெல்லர் எனப்படும் சுழல்விசிறி, விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும். முழு ஆற்றலும் குறைந்த வேகமும் சேர்ந்திருக்கும் மேலெழும்பும் நேரத்தில், இது வானூர்தியை இடப்புறம் திருப்பும். அதற்கான காரணிகள் நான்கு.

1. எதிர்முறுக்கம்: சுழல்விசிறி வலஞ்சுழியாகச் சுழல்வதால் வானூர்தியின் உடல் இடப்பக்கம் சாய முயலும். தரையில் இருக்கும்போது இடச் சக்கரத்தின்மேல் கூடுதல் சுமை விழும்.
2. சுருள் காற்றோட்டம்: சுழல்விசிறி பின்தள்ளும் காற்று, உடலைச் சுற்றிச் சுருளாகச் சென்று வால்தகட்டின் இடப்பக்கத்தில் மோதும். இதனால் வால் வலப்பக்கமும் மூக்கு இடப்பக்கமும் தள்ளப்படும்.
3. சமனற்ற உந்துவிசை: மூக்கு உயர்ந்திருக்கும்போது, வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும் விசிறியலகு காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டி, கூடுதல் உந்துவிசையைத் தரும்.
4. சுழல்காட்டி விளைவு: வாற்சக்கர வானூர்திகளில், ஓட்டத்தின்போது வால் உயரும் கணத்தில் மூக்கு இடப்பக்கம் திரும்பும்.

இவற்றைச் சமன்செய்ய விமானி வலச் சுக்கான் மிதியை அழுத்தவேண்டும். இவ்வழுத்தம் போதாதபோது வானூர்தி ஓடுபாதையின் இடவோரத்தை நோக்கிச் செல்லும். அந்நிலையில், இன்னும் போதிய வேகத்தைப் பெறாத வானூர்தியைப் பதற்றத்தில் மேலே இழுப்பது பல விபத்துகளின் தொடக்கமாக அமைந்துள்ளது. இதைவிட ஆற்றலைக் குறைத்து மேலெழும்புதலைக் கைவிடுவதே பாதுகாப்பானது. பிரித்தானிய டைகர் மோத் போன்ற சில வானூர்திகளில் சுழல்விசிறி எதிர்த்திசையில் சுழல்வதால், அவை வலப்பக்கம் இழுக்கும். ஒரு வகையில் பழகிய விமானி மற்றொன்றுக்கு மாறும்போது இதைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

பக்கக்காற்றும் இத்தகையதே. காற்றுத்திசைகாட்டியைப் போல, வானூர்தி காற்று வரும் திசையை நோக்கித் திரும்ப முயலும். இடப்பக்கத்திலிருந்து வீசும் காற்று மேற்கூறிய விசைகளுடன் சேர்ந்து அவற்றின் விளைவைக் கூட்டும்.

தரைவிளைவு

தரையிலிருந்து ஓர் இறக்கைவீச்சு உயரத்துக்குள் பறக்கும்போது, இறக்கை முனைகளில் உருவாகும் சுழிகள் தரையால் தடைப்படுகின்றன. இதனால் இழுவை குறைகின்றது. இது தரைவிளைவு எனப்படும். இதன் காரணமாக, ஒரு வானூர்தி உயரே பறப்பதற்குப் போதாத வேகத்திலும் தரையைவிட்டு எழக்கூடும். அப்படி எழுந்த வானூர்தியை உடனே மேலேற்ற முயன்றால், தரைவிளைவிலிருந்து வெளியேறியதும் இழுவை கூடி, அது மேலேறவும் முடியாமல் வேகம் பெறவும் முடியாமல் தடுமாறும். எதிரே மரங்களைக் காணும் விமானி மூக்கை மேலும் உயர்த்த, தூக்கிழப்பு ஏற்படும்.

எடை, வெப்பம், உயரம்

காற்றின் அடர்த்தி குறையும்போது இறக்கை, சுழல்விசிறி, பொறி ஆகிய மூன்றின் திறனும் குறைகின்றது. 6,000 அடி உயரத்தில், நியம வளிமண்டல நிலையில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. வெப்பம் கூடினால் இது மேலும் குறையும். வெப்பத்தையும் அழுத்தத்தையும் கணக்கில் கொண்டு பெறப்படும் அளவு அடர்த்தி உயரம் எனப்படும். அடர்த்தி உயரம் மிகுந்த இடத்தில் வேகமானி காட்டும் அளவைவிட வானூர்தியின் உண்மை வேகம் கூடுதலாக இருக்கும். தரை விரைந்து பின்செல்வதைக் கண்டு, போதிய வேகம் கிட்டிவிட்டது என விமானி தவறாக எண்ணக்கூடும்.

எடையைப் போலவே அது வைக்கப்படும் இடமும் முக்கியமானது. ஈர்ப்பு மையம் பின்புற எல்லையைத் தாண்டினால் மூக்கு தானாகவே உயர முயலும். அதைத் தாழ்த்த உயர்த்தித் தகட்டின் விசை போதாமற் போகலாம். 2001 ஆம் ஆண்டு ஆகத்து 25 ஆம் நாள் பகாமாசின் மார்ஷ் ஹார்பரில் இருந்து மேலெழும்பிய செஸ்னா 402பி வகை இரட்டைப்பொறி வாடகை வானூர்தி உடனே வீழ்ந்ததில், பாடகி ஆலியா உட்பட அதில் இருந்த 9 பேரும் இறந்தனர். வானூர்தியின் எடை அனுமதிக்கப்பட்ட அளவைவிட ஏறத்தாழ 700 பவுண்டு கூடுதலாக இருந்ததும், ஈர்ப்பு மையம் பின் எல்லையைத் தாண்டியிருந்ததும் விசாரணையில் தெரியவந்தன.

செயென் விபத்து, 1996

பல காரணிகள் ஒன்றுசேர்வதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான செயெனில் 1996 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ஆம் நாள் நிகழ்ந்த விபத்தாகும். செஸ்னா 177பி வகை வானூர்தியில் 7 வயதுச் சிறுமி ஜெசிக்கா டுப்ரோப், அவருடைய தந்தை, பயிற்றுநர் ஆகிய மூவரும், கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரையை நோக்கிய பயணத்தின் இரண்டாம் நாளில் புறப்பட்டனர். நாட்டைக் கடந்து பறக்கும் மிக இளைய வானோடி எனச் சிறுமி பெயர்பெற வேண்டும் என்பது பயணத்தின் நோக்கம். செய்தி ஊடகங்கள் இதைத் தொடர்ந்து கவனித்து வந்தன. பயணத்துக்குக் கால அட்டவணையும் இருந்தது.

கடல்மட்டத்திலிருந்து 6,100 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள செயென் விமான நிலையத்தில் அன்று காலை மழையும் இடியும் பலத்த காற்றும் இருந்தன. வானூர்தியின் எடை அனுமதிக்கப்பட்ட அளவைவிட 96 பவுண்டு கூடுதலாக இருந்தது. மேலெழும்பிய சிறிது நேரத்தில் அது தூக்கிழப்பு அடைந்து, அருகிலுள்ள குடியிருப்புப் பகுதியில் வீழ்ந்தது. மூவரும் இறந்தனர்.

பொறுப்பு விமானியாக இருந்த பயிற்றுநர், சீரழிந்துவந்த வானிலையில் புறப்பட எடுத்த முடிவையும், வேகத்தைப் பேணத் தவறியதையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை காரணங்களாகக் குறிப்பிட்டது. கூடுதல் எடையும், அவருக்குப் பழக்கமில்லாத அடர்த்தி உயரமும் அதே முடிவில் இடம்பெற்றன. இவற்றுள் எதுவும் பறக்கத் தொடங்கிய பின் புதிதாக முளைத்ததன்று. எடை, உயரம், வானிலை ஆகிய மூன்றும் புறப்படுமுன்னரே அறியக்கூடியவையாக இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டம், உரிமம் பெறாதவர்கள் சாதனை முயற்சிகளுக்காக வானூர்தியை இயக்குவதற்குத் தடை விதித்தது.

பொறி செயலிழப்பும் திரும்பி வருதலும்

மேலேறும்போது ஒற்றைப்பொறி நின்றுவிட்டால், உயர்ந்திருக்கும் மூக்கை விமானி உடனே தாழ்த்தவேண்டும். இல்லாவிடில் சில நொடிகளில் வேகம் தூக்கிழப்பு எல்லைக்குக் குறைந்துவிடும். அடுத்து எழுவது, எங்கே இறங்குவது என்னும் கேள்வி. பின்னால் விட்டுவந்த ஓடுபாதை விமானியை ஈர்க்கும். ஆனால் அதற்குத் திரும்புவது தோன்றுவதைவிடக் கடினமானது. 70 நாட் வேகத்தில், 30 பாகைச் சாய்வில் திரும்பும் வானூர்தியின் திருப்ப விட்டம் ஏறத்தாழ 460 மீட்டர் ஆகும். அதாவது, 180 பாகை திரும்பி முடித்த வானூர்தி ஓடுபாதைக்கு நேரே வருவதில்லை. பக்கவாட்டில் அவ்வளவு தொலைவில் இருக்கும். ஓடுபாதையை அடைய மேலும் திரும்பவேண்டும். விட்டத்தைக் குறைக்கச் சாய்வைக் கூட்டினால் தூக்கிழப்பு வேகம் உயரும். தாழ்வாகப் பறந்து காற்றின் திசைக்குத் திரும்பும்போது தரை விரைந்து நகர்வதுபோல் தோன்றுவதால், விமானி அறியாமலே வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

ஆங்கிலம் பேசும் விமானிகள் இதற்கு 'இயலாத் திருப்பம்' என்னும் பொருள்படும் பெயரை இட்டுள்ளனர். போதிய உயரம் இருந்தால் திரும்புவது இயலும். அவ்வுயரம் வானூர்தி, எடை, காற்று, விமானியின் பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்தது. எனவே, எந்த உயரத்துக்குக் கீழ் திரும்புவதில்லை என்பதைப் புறப்படுமுன்னரே முடிவு செய்துகொள்ளுமாறு பயிற்றுநர்கள் வலியுறுத்துகின்றனர். அதற்குக் கீழ், முன்னே தெரியும் வெளிகளுள் ஏற்ற ஒன்றில், கட்டுப்பாட்டை இழக்காமல் இறங்கவேண்டும். கட்டுப்பாட்டுடன் வயலில் இறங்கும் வானூர்தியில் உள்ளவர்கள் உயிர்தப்பும் வாய்ப்பு, சுழன்று விழும் வானூர்தியில் உள்ளவர்களுக்கு இருப்பதைவிட மிகக் கூடுதலாகும்.

இரட்டைப்பொறி வானூர்திகளில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு பொறி செயலிழந்தால் மற்றதன் உந்துவிசை வானூர்தியை ஒரு பக்கமாகத் திருப்பும். ஒரு குறித்த வேகத்துக்குக் கீழே சுக்கானால் இதை எதிர்க்க முடியாது. வேகமானியில் இவ்வேகம் செந்நிறக் கோட்டால் காட்டப்படும். 2019 ஆம் ஆண்டு சூன் 30 ஆம் நாள் டெக்சாசின் அடிசனில் மேலெழும்பிய கிங் ஏர் 350 வகை வானூர்தியில் இடப் பொறியின் உந்துவிசை குறைந்தபோது, விமானி முதலில் இடச் சுக்கானையே அழுத்தினார். இதனால் திருப்பம் மிகுந்து வானூர்தி கவிழ்ந்தது. அதில் இருந்த 10 பேரும் இறந்தனர்.

தொடுவானம் மறைதல்

இருளிலோ முகிலிலோ தொடுவானம் தெரியாதபோது, உட்செவி தரும் உணர்வு விமானியை ஏமாற்றும். வானூர்தி வேகம் கூடும்போது மூக்கு உயர்வது போலவும், மெதுவாகச் சாயும்போது நேராகப் பறப்பது போலவும் தோன்றும். 1959 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், ஐயோவாவின் கிளியர் லேக் அருகே பாடகர்கள் பட்டி ஹோலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகியோர் இறந்த பீச்கிராஃப்ட் பொனான்சா விபத்தும் புறப்பட்ட சில நிமிடங்களில் நிகழ்ந்ததே. விமானி கருவிகளை மட்டும் கொண்டு பறப்பதற்கான தகுதியைப் பெற்றிருக்கவில்லை. வானூர்தியின் நிலையைக் காட்டும் கருவி, அவர் பழகிய கருவிக்கு எதிரான முறையில் காட்டுவதாகவும் அமைந்திருந்தது.

தரையிலேயே விட்டுவரும் தவறுகள்

காற்றில் அசையாதிருக்கத் தரையில் கட்டுப்பாட்டுத் தகடுகளைப் பூட்டிவைப்பது வழக்கம். பூட்டை அகற்ற மறந்து புறப்படுவது மிகப் பழைய தவறாகும். 1935 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் ஒகையோவின் ரைட் ஃபீல்டில், போயிங் 299 குண்டுவீச்சு வானூர்தியின் முன்மாதிரி, உயர்த்தி பூட்டப்பட்ட நிலையில் எழும்பி, செங்குத்தாக ஏறித் தூக்கிழப்பு அடைந்து வீழ்ந்தது. இருவர் இறந்தனர். விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் பரவலான வழக்கமானதற்கு இவ்விபத்து முக்கிய காரணமாகும்.

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. 2014 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் மாசச்சூசெட்சின் பெட்ஃபோர்டில், பூட்டு அகற்றப்படாத தனியார் தாரை வானூர்தி ஒன்று ஓடுபாதையைக் கடந்து ஓடி எரிந்ததில் 7 பேர் இறந்தனர். பட்டறிவு மிக்க அதே இரு விமானிகளும், அதற்கு முந்தைய 175 மேலெழும்புதல்களுள் இரண்டில் மட்டுமே கட்டுப்பாடுகளை முழுமையாகச் சோதித்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வகையைச் சேர்ந்த வேறு சில தவறுகள் பின்வருமாறு.

- டிரிம் எனப்படும் சமன்படுத்தும் அமைப்பைத் தவறான நிலையில் விடுதல்: 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 ஆம் நாள் ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் அருகேயுள்ள எசெண்டனில் 5 பேர் இறந்த கிங் ஏர் விபத்தில், சுக்கானின் டிரிம் இடக் கடைநிலையில் இருந்ததாக விசாரணை முடிவுசெய்தது.
- விமானியின் இருக்கை சரியாகப் பூட்டப்படாமை: மூக்கு உயரும்போது இருக்கை பின்னே சறுக்கினால், தண்டைப் பற்றியுள்ள விமானி அதையும் பின்னே இழுத்துவிடுவார். 1987 இல் ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசு வானூர்தி நிர்வாகம், செஸ்னா வானூர்திகள் பலவற்றின் இருக்கைத் தண்டவாளங்களை ஆய்வு செய்யக் கட்டளையிட்டது.
- கதவு சரியாகச் சாத்தப்படாமை: ஓடும்போதோ எழும்பும்போதோ கதவு திறந்தால் பேரொலி எழும். பெரும்பாலான சிறு வானூர்திகள் கதவு திறந்த நிலையிலும் பறக்கக்கூடியவை. கதவைச் சாத்த முனைந்து வேகத்தைக் கவனிக்கத் தவறுவதே ஆபத்தாக முடிகின்றது.

தடுப்பு முயற்சிகள்

வடிவமைப்பால் இவ்விபத்துகளைத் தடுக்கும் முயற்சி பழமையானது. 1937 இல் முதன்முதலாகப் பறந்த, பிரெட் வெய்க்கின் வடிவமைப்பிலான எர்கூப் வானூர்தியில், உயர்த்தியின் அசைவு மட்டுப்படுத்தப்பட்டும் சுக்கான் ஏலரானுடன் இணைக்கப்பட்டும் இருந்தமையால் அது சுழல்வீழ்ச்சிக்கு உட்படவில்லை. 1998 இல் சான்றளிக்கப்பட்ட சிர்ரசு எஸ்ஆர்20 முழு வானூர்தியையும் தாங்கும் வான்குடையைக் கொண்டது. எனினும் அக்குடை விரிவதற்கும் உயரம் தேவை என்பதால், மேலெழும்பிய முதல் சில நொடிகளில் அது உதவாது. தாக்குகோணத்தை நேரடியாகக் காட்டும் கருவிகளைச் சிறு வானூர்திகளில் பொருத்துவதற்கான நடைமுறை 2014 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவில் எளிதாக்கப்பட்டது.

எளிய வழிகள் விமானியின் கையிலேயே உள்ளன. எடையையும் ஈர்ப்பு மையத்தையும் கணித்தல், தேவைப்படும் ஓடுபாதை நீளத்தை அன்றைய வெப்பநிலைக்கு ஏற்பக் கண்டறிதல், கட்டுப்பாடுகளை எல்லா எல்லைகளுக்கும் அசைத்துப் பார்த்தல், பொறி நின்றால் செய்யவேண்டியதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளல் ஆகியன அவை. ஓடுபாதையின் பாதித் தொலைவில், எழும்பும் வேகத்தின் 70 விழுக்காட்டை அடையாவிடில் மேலெழும்புதலைக் கைவிடவேண்டும் என்னும் விதியும் பயிற்சியில் கற்பிக்கப்படுகின்றது. ஓடுபாதையில் நிற்கும்போது எடுக்கப்படும் 'இன்று பறக்க வேண்டாம்' என்னும் முடிவுக்கு உயரமும் வேகமும் தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

- தாக்குகோணம்
- தரைவிளைவு
- சரிபார்ப்புப் பட்டியல்
- செஸ்னா 172